இருதயப் பொறியும் குருதிப் போக்கும்

சில நாட்களுக்கு முன்னர் எமது விடுதியில் இரவுணவு முடிந்தபின் ஒரு சிறு சொற்போர் நிகழ்ந்தது. விலங்கியல் பயிலும் நண்பரொருவர், மேனாட்டு மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆராய்ச்சியைப் பற்றி வகுப்பிற் கேட்டு வந்து எங்களுக்கு எடுத்துரைத்தார். இருதயம் தளர்ந்து, அதற்குத் துணையாக மார்பினுள் ஒரு பொறி பொருத்தப்பெற்ற நோயாளிகளுள் ஒரு சாரார்க்கு, வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரையைக் கொடாது, அதே உருவும் நிறமும் உடைய மருந்தற்ற மாத்திரையைக் கொடுத்து, யாது நிகழ்கின்றதென ஓராண்டு பார்த்திருந்தனராம். இதனைச் சொல்லி முடித்த நண்பர் என்னை நோக்கி, “உயிரை வைத்துச் சூதாடுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? மருத்துவர் எல்லாரும் வழங்கிவரும் ஒரு மருந்தைச் சிலருக்கு மட்டும் மறுத்தல் அறமாகுமா? நீர் அறநூல் பயில்கின்றவராயிற்றே, சொல்லும்” என்று கேட்டார். யான் அன்றிரவு விடை கூறமாட்டாமல் வேறு பேச்சிற் புகுந்து தப்பினேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டபாடில்லை. அதன் பின்னர் அவ்வாராய்ச்சியைப் பற்றி இயன்றவரை தேடிப் படித்தேன். மருத்துவம் கல்லாதவன் மருத்துவப் பொருளிற் புகுந்து கருத்துரைப்பது துணிச்சலே. எனினும், நண்பரது வினா மருத்துவ வினாவன்று, அறவினா. ஆகவே அதற்கு விடை கூற முயல்வது என் போன்றோர்க்கும் உரியதே என்று துணிந்து எழுதலாயினேன்.

முதற்கண் அப்பொறி இன்னதென்பதை உரைத்தல் வேண்டும். இருதயத்தின் இடப்புறக் கீழறையே உடலெங்கும் குருதியைச் செலுத்துவது. மாரடைப்பினாலேனும் தசை நோயினாலேனும் அவ்வறை வலிகுன்றின், குருதி முன்செல்லாது பின்னே தேங்கும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், கால்கள் வீங்கும், பத்தடி நடப்பதற்குள் மூச்சு முட்டும். இந்நிலை முற்றியோர்க்கு வேறொருவருடைய இருதயத்தை மாற்றிப் பொருத்துதல் ஒரு வழி. அவ்வாறு கிடைக்கும் இருதயங்களோ மிகச் சில. வேண்டி நிற்பாரோ பலர். இக்குறையை நிரப்ப எழுந்ததே இருதயப் பொறி. அதன் ஒரு வாய் இடக் கீழறையின் நுனியிற் செருகப்படும். மறு வாயினின்று செல்லும் குழல் பெருந்தமனியோடு இணைக்கப்படும். மின்னாற்றல் தரும் கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளிவரும். நோயாளி பாட்டரிகளைத் தோளிலோ இடுப்பிலோ தாங்கித் திரிவார். 1966-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்னும் அறுவை மருத்துவர், இத்தகைய துணைப்பொறி ஒன்றினால் ஒரு பெண்மணியின் இருதயத்தைப் பத்து நாட்கள் தாங்கி உயிர் பிழைப்பித்தார். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரீமாட்ச்’ என்னும் ஆராய்ச்சி, இதன் பயனை எண்ணாற் காட்டிற்று. மருந்தொன்றையே நம்பியிருந்தோருள் ஓராண்டின் முடிவில் நூற்றுக்கு 25 பேரே உயிரோடிருந்தனர். பொறி பெற்றோருள் நூற்றுக்கு 52 பேர் இருந்தனர்.

தொடக்கத்தில் எழுந்த பொறிகள் இருதயத்தைப் போலவே நிறைந்தும் ஒடுங்கியும் துடித்தன. அவை பெரியன, விரைவில் தேய்ந்து பழுதுற்றன. பின்னர் வந்த பொறிகள் துடிப்பனவல்ல, சுழல்வன. கிணற்று நீரை இறைக்கும் மின்பொறியினுட் சுழலும் சக்கரம்போல, ஒரு சிறு சக்கரம் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழன்று குருதியை இடையறாது தள்ளும். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற ‘ஹார்ட்மேட் இரண்டு’ இவ்வகையினது. இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. இப்பொறி பெற்றோர் பலருடைய மணிக்கட்டில் நாடி தென்படுவதில்லை. நம் நாட்டுப் பழைய மருத்துவர் ஒருவர் இவர் கையைப் பிடித்து வாத பித்த சிலேத்தும நாடிகளைத் தேடுவாராயின், எதிரே அமர்ந்து பேசிச் சிரிக்கும் ஒருவரை என்னென்று கூறுவார் என்பதை எண்ணி வியந்தேன்.

நிற்க. நாடியற்ற இவ்வொழுக்கே ஒரு புதிய கேட்டிற்கும் வாயிலாயிற்று. பொறி பெற்றோர்க்கு மூக்கிலும், இரைப்பையிலும், குடலிலும், ஒரோவழி மூளையிலும் குருதி கசியத் தொடங்கிற்று. அவர்கள் உறைதலைத் தடுக்கும் மருந்துகள் உண்பதால் இது நேர்கின்றது என்பது வெளிப்படை. ஆயின் அதே மருந்துகளை அதே அளவில் வேறு நோய்களுக்காக உண்பார்க்கு இத்துணைக் குருதிப்போக்கு நேரவில்லை. ஏன்?

விடை காண்பதற்கு மருத்துவர்கள் மிகப் பழைய செய்தியொன்றை நோக்க வேண்டியதாயிற்று. 1926-ஆம் ஆண்டில் எரிக் வான் வில்லெபிராண்டு என்னும் பின்லாந்து மருத்துவர், பால்டிக் கடலிலுள்ள ஆலண்டுத் தீவுகளில் வாழ்ந்த ஒரு குடும்பத்தாரைப் பற்றி எழுதினார். அவர்கட்குச் சிறு காயத்திலும் குருதி எளிதில் நிற்பதில்லை. குருதியிலுள்ள ஒரு புரதத்தின் குறையே அதற்குக் காரணமென்று பிற்காலத்தார் கண்டு, அப்புரதத்திற்கு அவர் பெயரையே இட்டனர். அது நீண்ட நூல் சுருண்டு கிடப்பதுபோலக் குருதியில் மிதந்து செல்வது. குழலில் எங்கேனும் கிழிசல் ஏற்படின், அந்நூல் விரிந்து கிழிந்த இடத்திற் பற்றிக்கொண்டு, ஓடிவரும் தட்டணுக்களை வலையில் மீன்படுவதுபோலப் பிடித்து நிறுத்தும். நூல் நீளுந்தோறும் அதன் ஆற்றலும் மிகும். அது மட்டின்றி வளர்ந்துவிடாதபடி அவ்வப்போது நறுக்கும் நொதியொன்றும் நம் குருதியில் இயல்பாகவே உண்டு.

சுழலும் பொறியினூடு குருதி விரைந்து செல்லுங்கால், அதன் இழுவிசையால் இந்நூல்கள் வேண்டாத இடத்திலே விரிக்கப்படுகின்றன. விரிந்த நூலை நொதி நறுக்குகின்றது. நாளும் இரவும் இவ்வாறு நிகழ்வதால், நீண்ட நூல்கள் அழிந்து குறுந்துண்டுகளே எஞ்சுகின்றன. வலையின் கண்கள் அறுந்துபோகின்றன. ஓயாது சுழலும் இப்பொறி பெற்றோர் ஏறக்குறைய யாவர்க்கும் இக்குறை உண்டாகின்றது. பொறியை நீக்கிப் புதிய இருதயம் பொருத்தினால் அது நீங்கிவிடுகின்றது. எனவே இது பிறவிக் குறையன்று, பொறி விளைத்த குறை என்பது தெளிவு. இன்னும் ஒன்று. நாடியின் ஏற்றத்தாழ்வின்றி ஒரே சீராகக் குருதி பாயும் உடலில், குடற்சுவரிலே மெல்லிய குழல்கள் நைந்து விரிந்து முறுக்குண்டு தோன்றுகின்றன. கிழியத்தக்க குழலும் அதனை அடைக்கமாட்டாத குருதியும் ஓரிடத்தே கூடின் விளைவு சொல்லவேண்டுவதன்று.

வியப்பு யாதெனின், இயற்கையும் இத்தகைய பொறியொன்றை முன்னமே அமைத்துக் காட்டியிருந்தது. எட்வர்டு ஹைடு என்னும் அமெரிக்க மருத்துவர், பெருந்தமனியின் வாயிலடைப்பு இறுகிச் சுருங்கிய முதியோர் சிலர்க்குக் குடலிற் குருதி கசிதலைக் கண்டு, இரண்டிற்கும் தொடர்புண்டோ என 1958-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழுக்குச் சிறு கடிதம் எழுதினார். சுருங்கிய வாயிலின் வழியே பீறிட்டுச் செல்லும் குருதியில் அதே நூல்கள் விரிந்து நறுக்குண்கின்றன என்பது பல்லாண்டுகள் கழித்தே விளங்கிற்று. சில வரிக் கடிதம் ஒன்று நாற்பது ஐம்பது ஆண்டு காத்திருந்து பொருள் பெற்றது இலக்கியம் பயில்வார்க்கு இனிமை தருவதொன்று.

இனி மருந்துகளுக்கு வருவோம். குருதி, தனக்கு அயலான உலோகத்தைத் தொட்டவிடத்து உறைய முற்படும். பொறியினுள்ளே கட்டி தோன்றின் பொறி நின்றுவிடும். கட்டி சிதறி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இதனைத் தடுத்தற்கு இருவகை மருந்துகள் கொடுக்கப்பட்டன. ஒன்று வார்பாரின். 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த புல்லைத் தின்ற மாடுகள் குருதி ஒழுகி இறந்தன. அதன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தாருடைய ஆராய்ச்சியிற் பிறந்த இப்பொருள், 1948-ஆம் ஆண்டில் முதன்முதல் எலி நஞ்சாகவே விலைக்கு வந்தது. மற்றொன்று நாம் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அறிந்த ஆஸ்பிரின். வார்பாரின் உறைதலுக்கு வேண்டும் புரதங்களைக் குறைக்கின்றது. ஆஸ்பிரின் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டாதபடி செய்கின்றது. வலையோ முன்னரே அறுந்தது. மீன்களையும் மயக்கிவிட்டால் பிடிபடுவது எங்ஙனம்?

வார்பாரின் எத்துணை வேலை செய்கின்றது என்பதைக் குருதிச் சோதனையால் அளந்து கூட்டியும் குறைத்தும் கொடுப்பர். ஆஸ்பிரினுக்கு அத்தகைய காவல் இல்லை. ஒரு மருத்துவமனையில் 81 மில்லிகிராம், மற்றொன்றில் 325 மில்லிகிராம் என அவரவர் வழக்கப்படி கொடுத்துவந்தனர். இவ்வழக்கம் வந்த வழியும் நோக்கத்தக்கது. துடித்து இயங்கிய பழைய ஹார்ட்மேட் பொறியின் உட்புறம் சொரசொரப்பாக அமைக்கப்பட்டிருந்தமையால், அதற்குப் பெரும்பாலும் ஆஸ்பிரின் ஒன்றே போதியதாயிருந்தது. சுழலும் பொறி வந்தபோது வார்பாரின் சேர்ந்தது. ஆஸ்பிரினும் உடன் நின்றது. பழைய வீட்டைவிட்டுப் புதுவீடு புகுவார், பயனுண்டோ இல்லையோ பழைய பானையையும் எடுத்துச் செல்வர் அன்றோ? அங்ஙனமே இதுவும் வந்து புகுந்தது.

இவ்விடத்தில் என் நண்பர் சார்பிலும் பேசுதல் கடன். மருத்துவர்கள் அஞ்சியது வீணான அச்சமன்று. ‘ஹார்ட்மேட் இரண்டு’ பொருத்தி மூன்று திங்களுக்குள் பொறியிற் கட்டி தோன்றுதல் 2011-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நூற்றுக்கு 2.2 ஆக இருந்தது. 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 8.4 ஆக ஏறிற்று. அமெரிக்காவின் மூன்று மருத்துவமனைகள் தம் கணக்கை ஒருங்கு வைத்து 2014-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டபோது, பொறி பொருத்தும் மருத்துவர் யாவரும் திடுக்கிட்டனர். குருதிப் போக்கிற்கு அஞ்சி மருந்தைத் தளர்த்தியதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று பலர் ஐயுற்றனர். நோயாளியின் பொறி நின்று அவர் கண்ணெதிரே இறத்தலைக் கண்ட மருத்துவர், மறுநாள் ஒரு மாத்திரையைக் குறைக்கத் துணிவாரா? குருதி கசிந்தால் குருதி ஏற்றிக் காக்கலாம். பொறி நின்றால் காப்பது அரிது. இவ்வாறு எண்ணி அவர்கள் ஆஸ்பிரினை விடாது பற்றியது இயல்பே.

ஆயின் பொறி மாறிற்று. ‘ஹார்ட்மேட் மூன்று’ என்பதன் சக்கரம் எதனையும் தொடாமல் காந்த விசையால் அந்தரத்தில் நின்று சுழல்கின்றது. குருதி செல்லும் இடைவெளிகளும் அகன்றவை. 1028 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2019-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டாண்டுகளில் பொறிக்கட்டி ஐயுறப்பட்டோர் பழைய பொறியில் நூற்றுக்கு 13.9, புதிய பொறியில் 1.4. எந்த அச்சத்தினால் ஆஸ்பிரின் கொடுக்கப்பட்டதோ, அவ்வச்சம் பத்தில் ஒரு பங்காயிற்று. குருதிப் போக்கோ அந்த அளவிற் குறையவில்லை. புதிய பொறியிலும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்க்கு இரைப்பையிலோ குடலிலோ குருதி கசிந்தது. அச்சம் போயிற்று, அச்சத்திற்கு மருந்தாக வந்தது மட்டும் போகவில்லை.

நண்பர் குறிப்பிட்ட ஆராய்ச்சி இந்நிலையில் எழுந்ததே. ‘ஏரீஸ்’ எனப் பெயரிய அவ்வாராய்ச்சியில், 9 நாடுகளைச் சேர்ந்த 51 மருத்துவமனைகளில், புதிய பொறி பொருத்தப்பெற்ற 628 பேர் சேர்க்கப்பட்டனர். யாவர்க்கும் வார்பாரின் கொடுக்கப்பட்டது. அதனோடு ஒரு பாதியினர்க்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும், மற்றப் பாதியினர்க்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுக்கப்பட்டன. இன்னார் இன்னது உண்கின்றார் என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் எல்லையில், கட்டியினாலோ குருதிப்போக்கினாலோ பெருங்கேடு எதுவும் நேராமல் உயிரோடிருந்தோர், ஆஸ்பிரின் உண்டவருள் நூற்றுக்கு 68, உண்ணாதவருள் 74. ஆஸ்பிரினை விலக்கியதாற் கட்டிகள் மிகவில்லை. குருதிப்போக்கு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. அதன் பொருட்டு மருத்துவமனையிற் கிடந்த நாட்களும் ஏறக்குறையப் பாதியாயின.

இனி நண்பர்க்கு என் விடை. ‘வழங்கிவரும் மருந்தை மறுத்தல் அறமா’ என்று கேட்டீர். மருந்து நன்மை செய்வதென்று தெரிந்து அதனை மறுத்தால் அது பாவமே, அதில் ஐயமில்லை. ஆயின் இங்கே அது நன்மை செய்வதென்று யாரும் அறிந்திலர், எண்ணியிருந்தனர். எண்ணத்திற்கும் அறிவிற்கும் உள்ள இடைவெளியில் எத்தனை பேர் குருதி சிந்தினர் என்பதை நோக்குமின். சோதியாமலே ஆஸ்பிரின் கொடுத்துவந்த ஆண்டுகளிலும் ஒரு சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது. அச்சோதனைக்கு நோயாளியின் இசைவு இல்லை, ஒப்புநோக்க மறுசாரார் இல்லை, கணக்கெழுதுவாரும் இல்லை. ‘ஏரீஸ்’ ஆராய்ச்சியிற் சேர்ந்தோர், தமக்கு மருந்தும் கிடைக்கலாம், மருந்தற்றதும் கிடைக்கலாம் என அறிந்து இசைந்தவர்கள். இவ்விரண்டனுள் எது அறத்திற்கு அணித்தென்று நீரே கூறும்.

குருதிப்போக்கு என்பதை ‘ஏற்றிக் காக்கலாம்’ என்று எளிதாகத் தள்ளுவாரும் உளர். அவர் நோயாளியின் பக்கத்தில் நின்று நோக்காதவர். மலம் கருத்துப் போகின்றது, தலை சுற்றுகின்றது, மருத்துவமனைக்குச் செல்கின்றார். தொண்டை வழியே குழல் செலுத்திப் பார்க்கின்றனர். கசியும் இடம் தென்படுவதில்லை. மறுநாள் வேறு வழியே செலுத்துகின்றனர். வார்பாரினை நிறுத்தினாற் கட்டிக்கு அச்சம். நிறுத்தாவிடிற் குருதி நில்லாது. இடையே பிறர் குருதி ஏற்றப்படுகின்றது. அவ்வாறு ஏற்றுந்தோறும் அவருடல் அயலார் உறுப்புக்களை எதிர்க்கும் பொருள்களை உண்டாக்கிக்கொள்ளக்கூடும். பொறியை அவர் பொருத்திக்கொண்டதே மாற்று இருதயம் கிடைக்கும் வரை உயிர்தாங்கி இருப்பதற்காக எனின், அவ்விருதயம் வந்த நாளில் ‘இது உமக்கு ஒவ்வாது’ என்னும் சொல்லைக் கேட்க நேரும். ஒரு சிறு மாத்திரை அவரை அந்நிலைக்குச் சிறிதேனும் அணுகச் செய்யுமாயின், அது சிறிதன்று.

எதிர்வழக்காக ஒன்று கூறப்படலாம்: ஆராய்ச்சிக்குப் பொருளுதவியவர் பொறியைச் செய்து விற்கும் நிறுவனத்தார். அவர் தம் பொறிக்கு நற்பெயர் தேடினர் என்று ஐயுறுதல் தவறன்று; யானும் ஐயுற்றேன். ஆயினும் மாத்திரையின் மெய்ம்மையை நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு மறைத்து நடத்தியதால், விருப்பப்படி முடிவைத் திருப்புதல் எளிதன்று. மற்றும், விலை மலிந்த ஒரு மருந்தை விலக்குமாறு கூறும் இவ்வாராய்ச்சியை வேறு யார்தாம் பொருள் செலவிட்டு நடத்துவர்? புதுமருந்து விற்பார்க்கு ஆராய்ச்சி நடத்த ஊதியம் உண்டு. பழமருந்தை நிறுத்துவார்க்கு ஊதியம் இல்லை. திருக்குறளில் மருந்தென்னும் அதிகாரத்தைப் புரட்டினால், ஆசிரியர் மருந்தைப் பற்றிக் கூறியதினும் உண்ணும் அளவைப் பற்றிக் கூறியதே மிகுதி. அவ்வதிகாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த காலத்தில் தலைப்பு பொருந்தவில்லையே என்று குறைகண்டவன் யான்.

ஒரு தடையையும் சொல்லிவிடுதல் வேண்டும். இம்முடிவு ‘ஹார்ட்மேட் மூன்று’ பெற்றோர்க்கே உரியது. பிற பொறிகளுக்கு இதனை ஏற்றிச் சொல்லலாகாது. இருதயக் குழலில் அண்மையில் உலோக வலைக்குழாய் வைக்கப்பெற்றமை போன்ற காரணத்தால் ஆஸ்பிரின் வேண்டியவர்கள் இவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்படவில்லை. ஆகவே இதனைப் படிப்பவர் எவரும், தம் இல்லத்து நோயாளியின் மாத்திரையைத் தாமே எடுத்தெறியாது, மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும். ஆனால் கேளாதிருத்தலும் கூடாது. ‘இம்மாத்திரை எனக்கு எதற்கு? இதனால் யாது பயன் என்று சோதித்ததுண்டா?’ என்று கேட்க நோயாளிக்கு உரிமையுண்டு. அவ்வினாவிற்குச் சினம் கொள்ளாத மருத்துவரே சிறந்தவர் என்பது என் கருத்து.

இவ்வளவையும் நண்பரிடம் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “ஆஸ்பிரினை விலக்கியபின்னும் குருதி கசிந்தவர்கள் இருந்தனரே, அவர்களுக்கு என்ன சொல்வீர்?” என்றார். மெய்யே. வலையை அறுப்பது மாத்திரையன்று, பொறி. புதிய பொறி இரண்டு நொடிக்கு ஒருமுறை தன் சுழற்சியைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பொய்நாடியொன்றை எழுப்புமாறு அமைக்கப்பட்டுள்ளது, நீண்ட நூல்கள் பழைய பொறியிற்போல அத்துணை அழிவதில்லை, எனினும் அழிகின்றன. வார்பாரினும் இன்னும் அங்கேயே இருக்கின்றது. அதன் அளவைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்பதையும் இவ்வாறே இருசாராரை வைத்துக் கணக்கெழுதிப் பார்த்தாலன்றி அறியமுடியாது என்றேன். “அதற்கும் நோயாளிகள் இசையவேண்டுமே” என்றார் அவர். அடுத்த வகுப்பிற்கு மணி அடித்தது, எழுந்து சென்றோம்.